விட்டதைப் பிடிக்கும் முன்: போக்கர் தோல்வியும் அதன் பின் வரும் பயமும்

போக்கரில் நாலைந்து வாரம் தொடர்ந்து தோற்ற ஒருவரிடம் பேசிப் பாருங்கள். போன பணத்தைப் பற்றி அவர் அதிகம் சொல்லமாட்டார். "உட்காரவே பயமா இருக்கு" என்பார். கையில் இரண்டு கிங் வந்தால்கூட, எதிரில் இருப்பவரிடம் ஏஸ் ஜோடி இருக்குமோ என்று நெஞ்சு படபடக்கும். பந்தயம் கட்ட வேண்டிய இடத்தில் சீட்டைக் கவிழ்த்துவிடுவார். கவிழ்க்க வேண்டிய இடத்தில் ஆத்திரத்தில் மொத்தத்தையும் தள்ளிவிடுவார். ராத்திரி படுத்த பிறகும் அந்தக் கைகள் ஒவ்வொன்றாகக் கண்முன் ஓடும்.

கூட ஆடுபவர்கள் இந்தப் பயத்துக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அவற்றில் பல தவறு, சில ஆபத்து. பயத்தை எப்படி விரட்டுவது என்று கேட்பதற்கு முன்னால், அது எதனால் வந்தது என்று பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. கணக்கு தெரியாததால் வரும் பயம் ஒன்று உண்டு. கணக்கைப் பார்த்தால் அது தணியும். இழக்கக்கூடாத பணத்தை வைத்து ஆடுவதால் வரும் பயம் இன்னொன்று. அதற்கு அடங்கித்தான் போக வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் குடும்பங்கள் கடனில் விழுகின்றன.

"இத்தனை முறை தோற்றாச்சு, அடுத்தது வந்தே தீரும்"

வராது என்றும் சொல்ல முடியாது, வரும் என்றும் சொல்ல முடியாது. முன்னால் தோற்றதற்கும் அடுத்த கைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் சக்கரத்தின் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பிலேயே விழுந்தது. பத்து, பதினைந்து தடவை கறுப்பு வந்த பிறகு கூடியிருந்தவர்கள் "இனி சிவப்புதான்" என்று பணத்தைக் கொட்டினார்கள். லட்சக்கணக்கான பிராங்குகள் அன்றிரவு போயின.

போக்கரிலும் ஒவ்வொரு கைக்கும் 52 சீட்டும் புதிதாகக் கலைக்கப்படுகின்றன. டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் முதலில் வரும் இரண்டு சீட்டும் ஏஸாக இருக்க 221-க்கு ஒரு வாய்ப்பு. 500 கை ஆடியும் உங்களுக்கு ஏஸ் ஜோடி வரவில்லை என்றால், 501-வது கையிலும் வாய்ப்பு அதே 221-க்கு ஒன்றுதான். சீட்டுக்கட்டு உங்களுக்குக் கடன்பட்டிருக்கவில்லை.

தொடர்ச்சி என்பது நாம் நினைப்பதைவிட மிகச் சாதாரணமாக வரக்கூடியது. ஒரு நாணயத்தை 200 முறை சுண்டிக் குறித்துக்கொண்டே வாருங்கள். எங்காவது ஓரிடத்தில் பூவோ தலையோ தொடர்ந்து ஆறு முறையாவது வந்திருக்கும். அப்படி வர நூற்றுக்கு 95-க்கும் மேல் வாய்ப்பு. அதே ஆறு, சீட்டு மேஜையில் தோல்வியாக வரும்போது நாம் அதைச் "சனி பிடிச்சிருக்கு" என்கிறோம்.

"முன்பெல்லாம் ஜெயித்தேன், இப்போது ஆட்டமே கைவிட்டுப்போச்சு"

தோல்விக்குப் பின் வரும் பயத்தின் வேர் பெரும்பாலும் இந்த நம்பிக்கையில் இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

உங்கள் கையில் ஸ்பேட் ஏஸும் ஆட்டின் ஏஸும். எதிராளி கையில் இரண்டு ஏழு. பொதுச் சீட்டு ஒன்றுகூடத் திறக்கும் முன்பே இருவரும் மொத்தச் சிப்பையும் நடுவில் தள்ளிவிட்டீர்கள். முதல் மூன்று சீட்டு: கிங், ஒன்பது, நாலு. நான்காவது சீட்டு இரண்டு. மேஜையில் இருப்பவர்கள் உங்களுக்குக் கைகொடுக்கத் தயாராகிறார்கள். ஐந்தாவது சீட்டு ஏழு. எதிராளிக்கு மூன்று ஏழு சேர்ந்துவிட்டது. பணம் அந்தப் பக்கம் போகிறது.

இதில் நீங்கள் செய்த தவறு என்ன? ஒன்றுமில்லை. ஏஸ் ஜோடி இப்படி ஒரு சின்ன ஜோடியோடு மோதினால் நூற்றுக்கு 80 தடவை ஜெயிக்கும். அதாவது ஐந்துக்கு ஒரு தடவை தோற்கும். இதே மோதல் ஐந்து தடவை நடந்தால் ஐந்திலும் ஜெயிக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புகூட முழுதாக இல்லை. ஆட்டத்தின் மிகச் சிறந்த கையை வைத்துக்கொண்டு, எல்லா முடிவையும் சரியாக எடுத்தும், ஒரு தடவையாவது அடி வாங்குவதுதான் இங்கே வழக்கமான முடிவு.

இதையே பெரிதாக்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு கையிலும் இரண்டு பேர் கட்டாயமாக ஒரு சிறு தொகையை வைத்தாக வேண்டும். அதில் பெரிய தொகைக்கு பிக் பிளைண்ட் என்று பெயர். போக்கரில் லாப நஷ்டத்தை அதை வைத்துத்தான் அளப்பார்கள். 100 கைக்குச் சராசரியாக 5 பிக் பிளைண்ட் சம்பாதிப்பவர் நல்ல ஆட்டக்காரர். ஆனால் அந்த 100 கைக்குள் முடிவுகள் 90 பிக் பிளைண்ட் அளவுக்கு மேலும் கீழும் ஆடும். இந்த இரண்டு எண்களையும் வைத்துக் கணக்குப் போட்டால், அந்த நல்ல ஆட்டக்காரரே 10,000 கை ஆடிய பிறகும் நஷ்டத்தில் நிற்க ஏறத்தாழ நூற்றுக்கு 29 வாய்ப்பு உண்டு. ஒரு லட்சம் கை ஆடினால்தான் அது நூற்றுக்கு 4 ஆகக் குறைகிறது.

நேரில் உட்கார்ந்து ஆடும் மேஜையில் மணிக்கு 30 கை ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள் எட்டு மணி நேரம் ஆடுபவருக்கு 10,000 கை முடிய ஏறத்தாழ பத்து மாதம் ஆகும். அந்தப் பத்து மாதமும் திறமையோடு ஆடியவர்கூடக் கையில் காசில்லாமல் எழுந்து போகலாம். நாலு வாரத் தோல்வியை வைத்து "எனக்கு ஆட்டம் போச்சு" என்று தீர்ப்பு எழுத இங்கே இடமே இல்லை.

இந்தக் கணக்கு மறுபக்கமும் வெட்டும் என்பதைச் சொல்லாவிட்டால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். நாலு வாரத் தோல்வி உங்களைத் திறமையற்றவர் என்று காட்டாதது போலவே, அதற்கு முன் ஜெயித்த நாலு வாரமும் உங்களைத் திறமைசாலி என்று காட்டவில்லை. ஒருவேளை அப்போது அடித்தது அதிர்ஷ்டமாக இருக்கலாம். இப்போது நடப்பது உங்கள் உண்மையான தரமாக இருக்கலாம். அதற்கு மேல் ரேக் என்ற ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பந்தயத் தொகையிலும் ஒரு பங்கை ஆட்டம் நடத்துபவர் எடுத்துக்கொள்வார். சரிசமமான இரண்டு பேர் வருடக்கணக்கில் ஆடினால் இருவருமே தோற்பார்கள். பணம் நடத்துபவரிடம் இருக்கும்.

ஆனால் நம் கண்ணில் படுவது ஜெயித்தவர்களின் கதைதான். 2003-ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் இணையத்தில் 86 டாலர் கட்டித் தகுதிபெற்று, லாஸ் வேகாஸில் நடந்த உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். அந்த ஆண்டு அந்தப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர். இரண்டே ஆண்டில் அது 5,619 ஆனது. அந்த ஒருவரின் வெற்றிக்கும் அதில் பங்கு உண்டு. தோற்றுப்போன மற்றவர்களின் கதை அவ்வளவாக வெளியே வருவதில்லை.

"பயம் தெளிய வேண்டுமானால் உடனே மறுபடி உட்காரணும்"

நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் அறிவுரை இது. எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான்.

லிஃப்டில் ஏறப் பயப்படுபவரைக் கொஞ்சம் கொஞ்சமாக லிஃப்டில் ஏறப் பழக்குவது மனநல மருத்துவத்தில் உள்ள சரியான முறை. அது பலிப்பதற்குக் காரணம், அந்த லிஃப்ட் உண்மையில் அவரை ஒன்றும் செய்யப்போவதில்லை. சீட்டு மேஜை அப்படியல்ல. அங்கே பணம் உண்மையாகவே போகும். பயம் இருக்கும்போதே உட்கார்ந்து, பயத்தாலேயே தவறாக ஆடி, மறுபடி தோற்றால் பயம் இரட்டிப்பாகும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: மேஜையில் வைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? அது வீட்டு வாடகையா, பிள்ளையின் பள்ளிக் கட்டணமா, கடன் ஆப்பில் வாங்கியதா, அடகு வைத்த நகையா? இவற்றில் ஒன்றாக இருந்தாலும் உங்கள் பயம் நோய் அல்ல, நல்ல புத்தி. அதைப் போக்க மூச்சுப் பயிற்சியும் வேண்டாம், தன்னம்பிக்கைப் பேச்சும் வேண்டாம். எழுந்து வந்துவிடுங்கள்.

அது முழுவதும் போனாலும் வீட்டில் அடுப்பு எரிவது நிற்காது என்ற அளவுப் பணம் என்றால் அடுத்த கேள்விக்கு வரலாம். தோற்ற கைகளில் எத்தனை, சரியாக ஆடியும் தோற்றவை? எத்தனை, தவறாக ஆடித் தோற்றவை? இதை மனதில் ஓட்டிப் பார்த்தால் பதில் வராது, மனம் பொய் சொல்லும். ஒரு நோட்டில் எழுத வேண்டும். என்ன சீட்டு, எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன், நடுவில் எவ்வளவு இருந்தது, என்ன நினைத்துக் கட்டினேன். கடைசிச் சீட்டு என்ன வந்தது என்பதை மட்டும் எழுதாமல் விடுங்கள். பிறகு நன்றாக ஆடத் தெரிந்த ஒருவரிடம் அந்த நோட்டைக் கொடுத்து, "நீ என்ன செய்திருப்பாய்?" என்று கேளுங்கள். முடிவு தெரியாமல் படிப்பவர்தான் உங்கள் தீர்மானத்தை மட்டும் எடைபோடுவார். அவர் பத்தில் எட்டைச் சரி என்றால் உங்கள் பயம் பெருமளவு தணிந்துவிடும். பத்தில் ஆறைத் தவறு என்றால் தேவைப்படுவது பாடம்தான். அதைக் காசில்லாமல், நண்பர்களோடு வெறும் சிப்பை வைத்தே கற்கலாம்.

அதற்குப் பிறகும் ஆட விரும்பினால், முன்பு ஆடியதில் பாதியோ கால் பங்கோ உள்ள மேஜைக்கு இறங்க வேண்டும். எவ்வளவு போனால் எழுவது, எத்தனை மணிக்கு எழுவது என்ற இரண்டையும் உட்காரும் முன்பே எழுதி, ஆடாத ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். தோற்றுக்கொண்டிருக்கும் நேரத்தில் எடுக்கும் முடிவை நம்ப முடியாது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் டிவெர்ஸ்கியும் 1979-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை காட்டியது இதைத்தான். நூறு ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் போகும் வலி மனிதருக்குப் பெரிது. நஷ்டத்தில் இருக்கும்போது அந்த வலியைத் துடைக்க, சாதாரணமாக எடுக்காத அபாயத்தையும் எடுப்பார்கள்.

"பெரிய மேஜையில் ஒரே ராத்திரியில் விட்டதைப் பிடிச்சிடலாம்"

வழக்கமாக ஒரு மேஜையில் 100 பிக் பிளைண்டோடு உட்காருவார்கள். அப்படிப்பட்ட இருபது, முப்பது தொகையாவது தனியே ஒதுக்கி வைத்திருந்தால்தான் அந்த மேஜையில் ஆட வேண்டும் என்பது அனுபவசாலிகள் வைத்திருக்கும் விதி. காரணம் மேலே சொன்ன அதே கணக்கு. நூறு கைக்கு 5 பிக் பிளைண்ட் சம்பாதிக்கும் அந்த நல்ல ஆட்டக்காரர்களிலேயே, நாற்பது பேரில் ஒருவருக்கு 10,000 கை முடிவில் 13 தொகை அளவுக்கு நஷ்டம் நின்றிருக்கும். இந்த நிலையில் கையிருப்பு குறைந்தவர் இன்னும் பெரிய மேஜைக்கு ஏறினால், அவரது ஐந்து தொகை அங்கே ஒரே தொகை ஆகிவிடும். மேலே சொன்னது போல ஏஸ் ஜோடியை ஓர் ஏழு உடைத்தால் போதும், எல்லாம் முடிந்தது.

போதாக்குறைக்குப் பெரிய மேஜையில் இருப்பவர்கள் இன்னும் நன்றாக ஆடுபவர்கள். பயந்த கையை மோப்பம் பிடிக்க அவர்களுக்கு நேரம் ஆகாது. சூது அதிகாரத்தை முடிக்கும்போது வள்ளுவரும், இழக்க இழக்கத்தான் சூதின்மேல் ஆசை வளரும் என்பதைக் கண்டு சொல்லியிருக்கிறார்.

"நல்ல ஆட்டக்காரன் பயப்படமாட்டான்"

தோல்விக்குப் பின் புத்தி தடுமாறி ஆடுவதைப் போக்கர் ஆடுபவர்கள் டில்ட் என்பார்கள். அதில் பலருக்குத் தெரிந்தது ஆத்திர வகை: கண்மண் தெரியாமல் பந்தயம் கட்டுவது. பயத்தில் சுருங்கிப்போவதும் டில்ட்தான். ஆத்திரக்காரர் ஒரே இரவில் தோற்பார். சுருங்கியவர் மாதக்கணக்கில் பிளைண்ட் கட்டிக் கட்டியே கரைவார். இரண்டும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் வரும். அமெரிக்க மனப் பயிற்சியாளர் ஜாரெட் டெண்ட்லர் இதற்கென்றே 2011-ல் ஒரு புத்தகம் எழுதினார். 

பயமே இல்லாத ஆட்டக்காரருக்கு உதாரணம் வேண்டுமென்றால் ஸ்டூ உங்கர் இருக்கிறார். உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை 1980, 1981, 1997 என மூன்று முறை வென்றவர். மேஜையில் அவருக்கு இணை இல்லை என்று அவரோடு ஆடியவர்களே சொன்னார்கள். 1997 போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கட்டக்கூட அவரிடம் பணம் இல்லை. இன்னொருவர் கட்டி, பரிசில் பாதியை எடுத்துக்கொண்டார். போக்கரில் ஜெயித்ததையெல்லாம் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயத்திலும் போதையிலும் விட்டார். 1998 நவம்பரில் லாஸ் வேகாஸின் சாதாரண விடுதி அறை ஒன்றில் இறந்துகிடந்தார். வயது 45. அவருக்குக் கொஞ்சம் பயம் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பயத்துக்குச் சொல்லப்படும் சின்னச் சின்ன வைத்தியங்களும் உண்டு. இடம் மாறி உட்காருவது, சீட்டுக்கட்டை மாற்றச் சொல்வது, ராசியான சட்டை: இவற்றால் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. படபடப்பு அடங்க ரெண்டு பெக் போட்டுவிட்டு ஆடுவது மட்டும் வேறு கதை. படபடப்பு அடங்கும், கூடவே நிதானமும் போகும். தூக்கம் கெட்ட இரவில் ஆடுவதும் அப்படியே.

"இது திறமை விளையாட்டு, இதுக்கு யாரும் அடிமையாக மாட்டாங்க"

முதல் பாதி உண்மை. நீண்ட காலக் கணக்கில் போக்கரில் திறமைக்குப் பங்கு உண்டு. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டுகள் என்றே ஏற்று, தமிழ்நாட்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தில் அவற்றை வாய்ப்பு விளையாட்டுகளாகச் சேர்த்திருந்த அட்டவணையை நீக்கியது.

அதிலிருந்து இரண்டாம் பாதிக்குத் தாவுவதுதான் பிழை. அதே நீதிமன்றம், மாநில அரசு இந்த ஆட்டங்களை முறைப்படுத்தலாம் என்றும் சொன்னது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து இணையத்தில் ஆடக்கூடாது என்று 2025 பிப்ரவரியில் வந்த விதிகளை அந்த ஆண்டு ஜூனில் உறுதிசெய்தது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா வாய்ப்பா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதை நாடு முழுவதும் தடைசெய்தது. பெரிய இந்தியச் செயலிகள் அந்த மாதமே பண ஆட்டத்தை நிறுத்தின. இப்போது "இதில் வா, இன்னும் ஓடுது" என்று யாராவது ஒரு வெளிநாட்டுத் தளத்தின் இணைப்பை அனுப்பினால் தொடாதீர்கள். அங்கே கட்டிய பணம் போனால் கேட்க நாதி இல்லை.

மருத்துவம் திறமையையும் வாய்ப்பையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேட்டில் சூதாட்ட நோய், மதுவும் போதைப்பொருளும் இருக்கும் அதே பிரிவில் வைக்கப்பட்டது. அதில் ஒன்பது அறிகுறிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. பன்னிரண்டு மாதத்தில் நான்கு இருந்தாலே கவனிக்க வேண்டிய நோய். விட்டதைப் பிடிக்க இன்னொரு நாள் மறுபடி போய் உட்காருவது ஓர் அறிகுறி. எவ்வளவு போச்சு என்று வீட்டில் மறைப்பது ஒன்று. நிறுத்த முயன்று முடியாமல் போவது ஒன்று. கடனை அடைக்க மற்றவர் கையை எதிர்பார்ப்பது ஒன்று. பதற்றமோ குற்ற உணர்வோ வரும்போது அதிலிருந்து தப்பிக்க ஆடுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. பதற்றத்தைப் போக்க ஆடு என்று சொல்பவர்கள், நோயின் அறிகுறியையே மருந்தாக எழுதிக் கொடுக்கிறார்கள்.

இதைப் படிக்கும்போது அந்த அறிகுறிகளில் நாலு உங்களுக்கோ, வீட்டில் தம்பிக்கோ கணவருக்கோ பொருந்துவதாகத் தோன்றினால், அவரைத் திட்டித் தீர்ப்பதால் ஒன்றும் ஆகாது. கடன் எவ்வளவு என்று கோபப்படாமல் கேளுங்கள். முழுத் தொகையும் வெளியே வரட்டும். வங்கிக் கணக்கையும் போன் செயலிகளையும் கொஞ்ச நாள் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.